மொதல்ல கை, அப்பாலதான் காலு

செருப்ப அங்க, தண்ணி டேங்க் கிட்ட வுடு.
ஜோடியா வுடு. போன வாரம்
தில்ஷாத்தோட ஒத்தச் செருப்ப
நாய் தூக்கிட்டுப் போயி இன்னும் தரல.

யூனிஃபார்ம் பாவாடையோடயா வந்த?
உள்ள பேண்ட் இருக்குல்ல, அப்ப சரி.
நானும் மொத நாளு இப்படித்தான் வந்தேன்.

கையக் காட்டு. ரெண்டு பக்கமும்.
பிசுக்கு இருந்தா வழுக்கும், தொடச்சிக்க.
மணிக்கட்ட சுத்து, பல்பு கழட்டுற மாதிரி.
இன்னும் கழட்டு.
இன்னிக்கி உன் ஒடம்பு மொத்தமும்
அந்தத் துக்குணூண்டு எலும்பு மேலதான் குந்தப் போவுது.

இதான் நம்ம மேடை:
ஃபிரிட்ஜ் வந்த அட்டை ரெண்டு,
அது மேல யாரோட காதுகுத்துக்கோ அடிச்ச பேனரு.
படம் கீழ, வெள்ளை மேல.
அடுத்தவங்க மூஞ்சி மேல ஆடக் கூடாது,
இது ஒரு ரூலு.
இன்னொண்ணு, எவனாச்சும் விழுந்தா
மூணு எண்ணுற வரைக்கும் சிரிக்கக் கூடாது.
அப்பால சிரிக்கலாம்.

மாஸ்டரா? அப்படி யாரும் இல்ல.
யோவானோட அக்கா போன் இருக்கு, திரை ஒடஞ்சது.
வீடியோவப் பாதி வேகத்துல ஓட்டிப் பாப்போம்.
விரிசலுக்குப் பின்னால இருக்கிறது
எந்தக் காலுன்னு தெரியாம
ரெண்டு மாசம் தப்பாவே ஆடினோம்.
இப்ப அந்தத் தப்புக்கு
'அஞ்சாவது சந்து'ன்னு பேரு வெச்சிட்டோம்.
கொருக்குப்பேட்டையில வேற யாருக்கும் அது வராது.

நின்னுகிட்டு ஆடறது டாப் ராக்.
மழைத் தண்ணி நிக்கற தெருவுல
செங்கல்லு செங்கல்லா தாண்டி
ஸ்கூலுக்குப் போவியே, அதேதான்.
உனக்கு ஏற்கெனவே தெரியும்.
தோளு மட்டும் கொஞ்சம் திமிரா.

கீழ குந்துனா சிக்ஸ் ஸ்டெப்.
கை கடியாரத்தோட நடு ஆணி,
காலு முள்ளு.
ஒண்ணு, ரெண்டுன்னு சுத்தி
ஆறு முடிஞ்சா பொறப்பட்ட எடத்துல இருக்கணும்.
நானு ஒரு மாசம் நாலுலயே மாட்டிகிட்டேன்.
நாலு வந்தா போதும்,
எந்தக் காலு என்னுதுன்னே மறந்துடும்.

தலையால சுத்தறதா?
வந்தவுடனே எல்லாரும் அதத்தான் கேக்குறீங்க.
தொப்பி வேணும், கழுத்து வேணும்,
ஒரு வருசம் வேணும்.
உனக்கு இப்ப கழுத்து மட்டும்தான் இருக்கு.
அத பத்திரமா வெச்சிக்க.

ஃப்ரீஸுன்னா இன்னான்னா,
அது இம்மானு கண்டுபுடிச்சது.
கண்டுபுடிக்கல, ஆனா கேளு.
பாலத்துப் பசங்களோட போட்டி.
இம்மானுக்கு ஏழு வயசு, பல்லு ரெண்டு இல்ல.
சுத்தறேன்னு உள்ள பாஞ்சான், கை வழுக்கிச்சி.
ஒரு தோளு தரையில,
ரெண்டு காலும் ஆகாசத்துல,
ஒரு முட்டி மடிஞ்சி, அப்படியே நின்னுட்டான்.
ஒரு நொடி சத்தமே இல்ல.
மொதல்ல கை தட்டுனது பாலத்துப் பசங்கதான்.
நானு பக்கத்துல இருந்தேன்.
அவன் அடிக்குரல்ல சொல்லிட்டிருந்தது
எனக்கு மட்டும் கேட்டுச்சி:
"அக்கா, எறக்கி வுடு. அக்கா, எறக்கி வுடேன்."

எறக்கறதுக்குள்ள லாரி வந்துடுச்சி.
வட்டம் ஒடஞ்சி வரிசையாச்சி,
பாலத்துப் பசங்களும் எங்க கொடத்தத் தூக்கினாங்க.
யாரு ஜெயிச்சதுன்னு
இன்னிக்கி வரைக்கும் யாரும் கேக்கல.
இம்மானு கேட்டான். நாங்க பதில் சொல்லல.

பாட்டு எங்கன்னு பாக்குறியா?
போன்ல சார்ஜ் இல்ல.
இரு, கேட்டு போடட்டும்.
ஷேர் ஆட்டோ ஒரு ஆரன், கன்டெய்னர் லாரி ஒரு ஆரன்,
நடுவுல பொறுமையில்லாத பைக்கு ஒண்ணு
விட்டு விட்டு அடிக்கும் பாரு,
அதுல காலப் போடு.

குந்து இப்ப.
கைய ஊணு. வெரல விரி.
ஆடாத. சும்மா இரு.
கூட்ஸு வந்தா காதுக்கு முன்ன
உள்ளங்கைக்குத் தெரியும்.
தெரியுதா?
எனக்கும் இன்னும் இல்ல.
கைய எடுக்காத.