முழங்கை மடிப்பு

பார்க்க மெத்தென்று இருப்பதையெல்லாம் நம்பக் கூடாது,
ஜுபைல் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்.

குழாய்களுக்குப் போர்வை கட்டுவது என் வேலை.
நீராவி ஓடும் குழாய், உறைந்து வியர்க்கும் குழாய்,
இரண்டுக்கும் ஒரே மஞ்சள் பஞ்சு.
பஞ்சு என்பது பெயர்தான்;
இழை இழையாய் உள்ளே இருப்பது கண்ணாடி.
தொடும்போது குழையும்.
ஒரு மணி நேரம் போனபின்
கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே வழி கண்டுபிடித்து
கடிக்கத் தொடங்கும்,
முதலில் முழங்கையின் உள்மடிப்பில்.
அந்த இடத்துத் தோலுக்குப் பொய் தெரியாது.

வெள்ளிக்கிழமை இரண்டு முறை குளித்தேன்.
பழைய பல்துலக்கியால் நகக்கண்களைத் தேய்த்தேன்.
பெட்டியின் அடியிலிருந்து
வேலைக்குப் போகாத சட்டையை எடுத்தேன்.
"பொண்ணு பாக்கப் போறியா?" என்றான் மரியசெல்வம்.
ஆமாம் என்றேன்.
இஃப்ராவுக்கு ஐந்து மாதம்.
இதுவரை கண்ணாடித் திரைக்கு அந்தப் பக்கம் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

கடைத்தெருவில் யேமன்காரப் பையன்
மூன்று துணிப் புத்தகங்களை மேசையில் போட்டான்.
"நாயிம், நாயிம்" என்றான். மென்மை என்று அர்த்தம்.
பஞ்சுச் சுருளை லாரியிலிருந்து தள்ளிவிடும்போது
எங்கள் ஃபோர்மேனும் சிரித்தபடி அதையேதான் சொல்வான்.

முதலாவது முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கோடுகள்.
பிறந்த வாரத்தில் வாங்கியிருக்க வேண்டியது.
அந்த வாரம் நான் வாங்கியது அட்வான்ஸ் மட்டும்.
இரண்டாவதில் வாத்து.
வாலைச் சுண்டி இழுத்தேன், மூன்று முடி கையோடு வந்தது.
பையன் முறைத்தான்.
இதை அவள் வாயில் வைப்பாளே தம்பி,
தமிழில்தான் சொன்னேன், தலையாட்டினான்.

மூன்றாவதில் ஒரு முயல்.
எந்த மொழியிலும் ஓர் எழுத்துகூட இல்லை.
ஒரு பக்கம் வெல்வெட், ஒரு பக்கம் துவாலைத் துணி,
ஓரமெல்லாம் வழுவழு நாடாக்கள்.
என் விரல் நுனிகளைக் கேட்டுப் பயனில்லை,
அவை எப்போதோ தடித்துப்போய்விட்டன.
சட்டைக் கையைச் சுருட்டினேன்.
முயலின் வயிற்றை முழங்கை மடிப்பில்
அழுத்தித் தேய்த்தேன், அப்படியே நின்றேன்.
"என்ன?"
"வெயிட்."
"எவ்வளவு நேரம்?"
"ஒரு மணி நேரம்."

மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள்.
நல்லவேளை, ஒளு இருந்தது; கையைக் கழுவ வேண்டியதில்லை.
தொழுதேன்.
டீ குடித்தேன்.
தெருவிளக்கடியில் கையை நீட்டி நீட்டிப் பார்த்தவனை
யாரோ ரத்தம் கொடுத்தவன் என்று நினைத்திருப்பார்கள்.
சிவக்கவில்லை, அரிக்கவில்லை.

திரும்பிப் போனபோது பையன்
முயலைத் தனியாக எடுத்து வைத்திருந்தான்.
அப்போதுதான் அதன் காதைப் பிடித்தேன்.
சரசரத்தது.
விட்டேன், பிடித்தேன்.
பஞ்சுக்கு மேலே நாங்கள் சுற்றும் அலுமினியத் தாள்,
நாளெல்லாம் காதில் நிற்கும் அதே சத்தம்.
என் வேலையில் கடிக்காதது அது ஒன்றுதான்.
நாற்பத்தைந்து ரியால் என்றான்.
பேரம் பேச நினைத்திருந்தேன், மறந்துவிட்டேன்.

ஊருக்குப் போகும் மரியசெல்வம்
இரண்டு கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டேன் என்று சொல்லியிருந்தான்.
பேரீச்சம்பழமே இரண்டு கிலோ.
தொண்ணூறு கிராம் முயலை
ஒன்றும் சொல்லாமல்
தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டான்.

பத்து நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரம்,
குழாய் நிழலில் ரிஸ்வானாவின் குரல்:
"நீங்க சொன்னபடி ரெண்டு தண்ணி அலசிட்டேன்.
எந்நேரமும் வாயிலதான் வைக்கிறா.
முயலுக்கு ஒரு காது நனைஞ்சே கெடக்கு..."
அவள் பேச்சுக்குப் பின்னால் சரசரவென்று கேட்டது.
மரியசெல்வத்துக்குப் பதிலாக வந்தவன்
அதற்குள் தாள் கிழிக்க ஆரம்பித்துவிட்டானா என்று
திரும்பிப் பார்த்தேன்.
அவன் ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்துத்
தூங்கிக்கொண்டிருந்தான்.