விரல் இரண்டு

காட் மீனின் முள்ளும் உப்பும்
பதினோரு குளிர்காலமாய்த் தேய்த்ததில்
ரேகை என்று சொல்லிக்கொள்ள
என் கட்டைவிரலில் ஏதுமில்லை.

மீண்டும் முயலவும், என்கிறது மடிக்கணினி.
ஈரம் துடைத்து, ஊதி, ஸ்வெட்டரில் தேய்த்து வைக்கிறேன்.
மீண்டும் முயலவும்.

கடவுச்சொல் வைத்தவன் ஹால்க்ரீமுர்.
போய் எட்டு மாதமாகிறது.
காபி இயந்திரம், பனிக்காலணிகள், நாயின் பாதிப் பாசம்
எல்லாம் எடுத்துப்போனவன்
விரலை மட்டும் உள்ளே மறந்துவிட்டான்.

வரிக்கணக்குக்கு நாளை கடைசி நாள்.
வேறு வழியில்லை, அழைத்தேன்.
படகுகளைப் புரட்டும் காற்றில்
இசாஃப்யொர்துரின் மறுகோடியிலிருந்து நடந்தே வந்தான்.
வாசலில் நின்றபடி
கையுறையைப் பல்லால் கழற்றினான்.

ஒரு தொடுதல்.
திறந்துகொண்டது,
எங்களுக்குள் எதுவுமே நடக்காததுபோல.

அமைப்புகளில் இரண்டே வரிகள்:
விரல் ஒன்று.
விரல் இரண்டு.
இரண்டாவதை அழிக்கவா என்றது;
உறுதிசெய்ய விரல் கேட்டது.
என்னுடையதை ஏற்கவில்லை.

அவன் என்னைப் பார்த்தான்.
நான் மீன்வாடை வீசும் என் கையைப் பார்த்தேன்.
பிறகு அவனே வைத்தான்,
சற்று அழுத்தியே.

புதிய கடவுச்சொல்லை நான் தட்டும்போது
நாகரிகமாய் மலைப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

நாய்தான்
அந்தக் கையை
இன்னொரு முறை முகர்ந்து பார்த்தது.