குரங்கு பிடித்த வகையில்

குரங்கு பிடித்த வகையில்
ரூபாய் பதிமூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது
என்று செலவுச்சீட்டில் எழுதியது நான்தான்.
பள்ளிப்பட்டுக்கு வடக்கே எங்கள் ஊராட்சி.
அலுவலகத்துப் பின்சுவரிலிருந்து
ஒரு கரும்புக்கொல்லை தாண்டினால் ஆந்திரா.
கொல்லை நடுவில் எல்லைக்கல் ஒன்று உண்டு,
அதன்மேல் உட்கார்ந்துதான் அவை பேன் பார்க்கும்.

முப்பத்தொரு உருப்படி.
பிடிக்க வந்தவர் நாராயணவனத்துக்காரர்,
தலைக்கு நானூற்றைம்பது.
எண்ணும்போது குட்டிகளைச் சேர்க்கவில்லை.
"தாயோட ஒட்டினது தாய்க்கணக்கு" என்றார்.
நியாயமாகத்தான் பட்டது.

முனிரத்தினம் மினிலாரியை ஓட்டினான்.
இரவு பத்தரைக்குமேல், விளக்கைத் தணித்துக்கொண்டு,
நகரி மலையின் மூக்கு தெரிகிற பக்கமாய்ப் போய்
ஏதோ மாந்தோப்பில் திறந்துவிட்டு வந்தான்.
"எந்த ஊர்னு கேக்காதீங்க மேடம்."
கேட்கவில்லை.
பதிவேட்டில் அதற்கொரு கட்டமும் இல்லை.

பன்னிரண்டு நாள் ஊர் ஒழுங்காக இருந்தது.
தேசம்மா மாடியில் வடாம் பிழிந்து
காவல் இல்லாமல் தூங்கினாள்.
பைக் கண்ணாடிகளில் முகம் பார்க்க
மனிதர்களைத் தவிர யாரும் இல்லை.
நாள் முழுக்க விசைத்தறிச் சத்தம் மட்டும்.
எனக்கு அது கொஞ்சம்…
சரி, அதை விடுங்கள்.

பதிமூன்றாம் நாள் விடியுமுன்
சுடுகாட்டோரம் ஒரு வண்டி நின்று போனதாகப்
பால்காரர் கோதண்டன் சொன்னார்.
எண்பலகையில் சாக்கு கட்டியிருந்ததாம்.
ஏழு மணிக்குள் முருங்கை மொட்டை.
குட்டிகளைச் சேர்க்காமல் எண்ணினேன்:
நாற்பத்துமூன்று.
எங்களுடையதோடு அவர்களுடையதும்.

அந்தப் பக்கத்து ஊராட்சியில்
என் வேலையைப் பார்க்கிறவள் பெயர் ஹைமாவதி.
ஒருமுறை புத்தூர் பஸ்ஸில்
அவள் பையையும் நான்தான் மடியில் வைத்திருந்தேன்.
அவளும் ஒரு சீட்டு எழுதியிருப்பாள் தெலுங்கில்,
தொகை கொஞ்சம் முன்னே பின்னே.
பிடித்துக் கொடுத்தவர்
அதே நாராயணவனத்துக்காரராகவும் இருக்கலாம்.

கூட்டத்தில் அரைவாலியைத் தேடினேன்.
மின்கம்பியில் பாதி வாலை விட்டவள்.
தேசம்மா வீட்டுத் தண்ணீர்த்தொட்டி ஏணியில்
மூன்றாம் படியில் இருந்தாள்.
வயிற்றில் ஒன்று தொங்கியது.
முகமெல்லாம் சுருக்கம், காது மட்டும் பெரிசு,
பிறந்து நாலு நாள் இருக்கும்.
போகும்போது கணக்கில் இல்லாதது.
அங்கே பிறந்தது.

தேசம்மா துடைப்பத்தோடு வந்தாள்.
வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ்,
கோபத்துக்கு எது முந்துகிறதோ அது.
"போ!" என்றாள்.
அது எந்த மொழி என்று யாராலும் சொல்ல முடியாது.
விரட்ட இரண்டிலும் ஒரே சொல்தான்,
கூப்பிடும்போதுதான்
வா என்றும் ரா என்றும் பிரிகிறது.

அரைவாலி நகரவில்லை.
குட்டியை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டாள்.
தேசம்மா திட்டிக்கொண்டே வடாமையெல்லாம் அள்ளினாள்.
ஒரு தட்டை மட்டும் மறந்துவிட்டு இறங்கினாள்.
அவள் எதையும் மறக்கிறவள் இல்லை.

இன்று தலைவர் மறுபடி விலை கேட்கச் சொன்னார்.
நாற்பத்துமூன்று, தலைக்கு நானூற்றைம்பது.
பத்தொன்பதாயிரத்து முந்நூற்றைம்பது
என்று பென்சிலால் குறித்துவிட்டுச்
சாப்பிட எழுந்து போனேன்.
திரும்பினால்
மைப்பெட்டி தரையில் கவிழ்ந்து கிடக்கிறது.
தயிர்சாதம் அப்படியே இருக்கிறது.
ஊராட்சி முத்திரையைக் காணோம்.
ஜன்னல் கட்டையிலும் பின்சுவரிலும்
ஊதா நிறத்தில் சின்னச் சின்ன விரல்கள்,
கரும்புக்கொல்லைப் பக்கமாய்.

முத்திரை இல்லாமல் சீட்டு செல்லாது.
புதிது செய்யத் திருத்தணிக்குச் சொல்லியிருக்கிறேன்.
ஒரு வாரம் ஆகும் என்றான் கடைக்காரன்.
அவசரமில்லை என்றேன்.