நாலு சென்றிமீற்றர்

எரிந்தது மாடியிலிருந்த வலைக் களஞ்சியம்.
நைலோன் எரியும்போது நெருப்பு ஒழுகும்.
ஒழுகிய இடமெல்லாம் தளம் வெடித்துச்
சிப்பி சிப்பியாய்க் கழன்று கிடந்தது.
பக்கத்து ஐஸ் ஆலை மட்டும்
ஒன்றுமே நடவாததுபோல்
உள்துறைமுகத்துப் படகுகளுக்குக்
கட்டி தள்ளிக்கொண்டிருந்தது.

காப்புறுதிக்காரர் சப்பாத்து நுனியால் தட்டிப் பார்த்தார்.
"மேலால சீமெந்து இழுத்து விட்டாத் தெரியாது, மிஸ்."
தெரியாதுதான்.

முழங்காலில் நின்று
முழத்துக்கு ஒருக்கால் சுத்தியல் வைத்தேன்.
நல்ல இடம் ணங் என்றது.
கெட்ட இடம்
ஆளில்லா வீட்டுக் கதவுபோல் பதில் சொன்னது.
கெட்டதற்கெல்லாம் சோக்கட்டியால் வட்டம்.
மத்தியானம் எழுந்தபோது
வட்டம் இல்லாத இடங்களை
விரல்விட்டு எண்ணலாம் போலிருந்தது.

துளைத்தெடுத்த உருளையில்
மேலே மூன்றரைச் சென்றிமீற்றர் இளஞ்சிவப்பு.
முந்நூறு பாகை தாண்டிய கொங்கிறீட்
தன் காய்ச்சலை இப்படித்தான் எழுதி வைக்கும்.
"பிள்ளையிட முரசு மாதிரி," என்றான் கிண்ணியா உவைஸ்.
வடிவான நிறம்.
அவ்வளவையும் எடுத்தெறிய வேண்டும்.

கத்திபோல் பாயும் தண்ணீரோடு
கொழும்பிலிருந்து இயந்திரம் வந்தது.
நான்கு நாள். சிவப்பு சேறாகி வடிந்தது.
கம்பிகள் தெரிந்தன, அநேகமாய் நேராக.
தொய்ந்திருந்த ஓரிடத்தில் புதுக்கம்பி வைத்துக்
கட்டுக்கம்பியால் முடிச்சுப் போட்டோம்.
வெல்டிங் என்ற சொல்லை
அந்தக் கட்டடத்தில் எவரும் வாயிலெடுப்பதில்லை.

ஒரு பொறி என்று மட்டும் அறிக்கையில் இருக்கிறது.
அந்தப் பொறியின் சொந்தக்காரன் கிறகோரி
எதிரே தேத்தண்ணிக் கடையில்
வெறும் கோப்பையோடு இருந்தான்
எல்லா நாளும்.

புதுக் கலவையில் கல் இல்லை.
மாவாய் மணல், புகைபோல் சிலிக்கா,
மயிர்போல உருக்கு நார்கள்,
கஞ்சத்தனமாய்த் தண்ணீர்.
சித்திரை வெயிலுக்குப் பயந்து
விடிய நாலு மணிக்குத் தொடங்கினோம்.
தண்ணீரில் பாதிக்குப் பக்கத்து ஆலையின் ஐஸ்.
எட்டு நிமிடம் வெறும் தூள்தான் சுற்றியது.
"இது சேராது," என்றான் உவைஸ்.
ஒன்பதில் வியர்த்தது.
பத்தில் தேன்.

பழைய தளம் வயிறு நிறையக் குடித்திருக்க வேண்டும்,
உதடு மட்டும் காய்ந்திருக்க வேண்டும்.
அதன்மேல் நாலு சென்றிமீற்றர் ஊற்றினோம்.
நார் குத்திக் குத்தி
எல்லார் விரலிலும் சின்னச் சின்ன இரத்தப் புள்ளி.

ஏழு நாள் சாக்கு ஈரமாய் இருக்க வேண்டும்.
இரவுக் காவலுக்குச் சம்பளப் பட்டியலில் ஆள் இல்லை.
ஆனாலும் காலையில் நான் வரும்போதெல்லாம்
சாக்கு சொட்டச் சொட்ட இருந்தது.
மூன்றாம் இரவு பார்க்கப் போனேன்.
கோணேசர் மலைப் பக்கமாய் நிலா.
வாளியும் கையுமாய்க் கிறகோரி.
"நித்திரை வரேல்ல, மிஸ்."
நான் வாளியைப் பார்த்தேன்.
"குழாய்த் தண்ணிதானே? கடல் தண்ணி இல்லையே?"
"குழாய்த் தண்ணி."
அதற்குமேல் கேட்க என்னிடம் ஒன்றுமில்லை.
வீட்டுக்குப் போய்விட்டேன்.

இருபத்தெட்டாம் நாள்
ஏழு வட்டத் தகடு ஒட்டி இழுத்துப் பார்த்தோம்.
ஆறு, பழைய கொங்கிறீட்டுக்குள்ளேயே பிய்ந்தன.
பொருத்து விடவில்லை.
ஏழாவது, வடக்குத் தூணோரம்,
பொருத்திலேயே சுத்தமாய்க் கழன்றது,
முகம் பார்க்கலாம் போல மழமழவென்று.
அங்கே யாரோ உதட்டைத் துடைக்க மறந்திருக்கிறோம்.
யாரென்று கேட்டார் முதலாளி.
அன்று அந்த மூலையில் நின்றது நான்.
சொன்னேன்.

இரண்டு சதுர மீற்றர் வெட்டி, திரும்ப ஊற்றினோம்.
ஐஸ் தூக்க ஓராள் குறைந்தது.
உவைஸ் கடைப்பக்கம் திரும்பி விசிலடித்தான்.
கோப்பையை வைத்துவிட்டுத்
தெருவைக் கடந்து வந்தான் கிறகோரி,
இரண்டு பக்கமும் பார்த்து,
ஒரு வாகனமும் இல்லாத தெருவில்.