மீட்டர் நின்ற இடம்

முந்தாநாள் தொட்டபோது போனட் சூடாக இருந்தது.
"காலையிலேருந்து எடுக்கவேயில்ல பிள்ளே" என்றார் பெலிக்ஸ்.
கை சொன்னதை நான் வெளியே சொல்லவில்லை.
இன்று சொல்லாமல் வந்திருக்கிறேன்,
குளச்சலில் முதல் பூசைக்கு மணி அடிக்குமுன்,
பம்மத்து மெக்கானிக் டென்னிசனைத்
தூக்கக் கலக்கத்தோடு பைக்கில் ஏற்றிக்கொண்டு.

இன்ஜின் பனியில் கிடந்த கல்போல் ஆறியிருக்கிறது.
சாவியைத் திருப்பினால்
ஒரு இருமல். இன்னொன்று.
மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.
நீலப் புகை எண்ணி இருபது நொடி,
பிறகு இல்லை.
ஆயில் மூடியைக் கழற்றி
வாயின்மேல் உள்ளங்கையைப் பிடிக்கிறான் டென்னிசன்.
"மூச்சு வாங்குது. ஆனா இப்பம் சாவாது."
எத்தனை நாளைக்கு என்று கேட்டேன்.
கையைத் துடைக்கத் துணி தேடினான்.

மீட்டர்
இரண்டு லட்சத்து எண்பத்தேழாயிரத்து
நானூற்றுப் பதினாறில் நிற்கிறது.
முந்தின ஓணத்துக்கு முந்தின ஓணத்தில் செத்ததாம்.
"அதுக்குப் பெறவு எவ்வளவு ஓடிச்சுன்னு
எனக்கே தெரியாது" என்கிறார்.
இதுவரை அவர் பேசியதில்
இது ஒன்றைத்தான் அப்படியே நம்பினேன்.
பிரேக் மிதியின் ரப்பர்
கோடெல்லாம் போய் வழுவழுவென்றிருக்கிறது.
அதற்குத் தெரியும்.

டென்னிசன் அடியில் நுழைந்து
ஸ்க்ரூடிரைவரால் தட்டிக்கொண்டே போகிறான்.
ணங். ணங். ணங்.
பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால்
தொப்.
பதினோரு வருஷம் மீன்பெட்டியில் ஒழுகிய ஐஸ்தண்ணீர்
உட்கார்ந்து தின்ற இடம்.
என் பெருவிரல் தாராளமாக உள்ளே போகிறது.

எனக்கொன்றும் பெரிய ஓட்டமில்லை.
நூற்றிருபது தேனீப்பெட்டிகள்.
ரப்பர் தளிர்க்கையில் குலசேகரம், சித்தாறு,
முருங்கை பூத்தால் ஆரல்வாய்மொழிக்கு அப்பால்.
ராத்திரி மட்டும்.
வாசல் அடைத்த பெட்டிகள்
விடியுமுன் இறங்கிவிட வேண்டும்.

போன வருஷம் வாடகை வண்டி
கணவாயில் பெல்ட் அறுந்து நின்றது.
ஆளைத் தள்ளுகிற காற்று.
காற்றாலைகள் அத்தனையும் சுற்றின,
எங்கள் சக்கரம் நாலும் சுற்றவில்லை.
எட்டு மணி வெயிலுக்குப்
பதினெட்டுப் பெட்டிகளில் அடை உருகிற்று.
திறந்தால் கறுத்த ஈரக் குவியல்,
மேலே ஒன்றிரண்டு மட்டும்
எங்கே போவதென்று தெரியாமல் ஊர்ந்தன.
அது வாங்கி எட்டு மாசமான வண்டி.
பிளாஸ்டிக் உறைகூட சீட்டில் கிழியவில்லை.

கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதிப் பார்க்கிறேன்:
வாடகை, சீசனுக்கு எழுபதாயிரம்.
புதுசு என்றால் தவணை மாசம் பதினெட்டு,
தேன் சொட்டாத ஆடியிலும் தேதி தவறாமல்.
இவர் கேட்பது மூன்றே கால் லட்சம்.
வெல்டிங், பின் பிளேட், கிளட்ச், இரண்டு டயர்,
எப்படிச் சுருக்கினாலும் எழுபது.
இன்ஜினை விரிக்க நேர்ந்தால் என்று ஒரு வரி.
அதற்கு நேரே தொகை எழுதவில்லை.
சுகிர்தன் போனில் சிரிக்கிறான்:
"மீன் வாடைக்கு ஈ எல்லாம் உன்னைத்தான் கொட்டும்."

இரண்டு நாற்பது என்றேன்.
பெலிக்ஸ் கடலைப் பார்த்தார்.
விரலை ஓட்டையில் விட்டுக் காட்டினேன்.
கடலையே பார்த்துக்கொண்டு சரி என்றார்.

ஐயாயிரம் முன்பணம், மீதி ஆர்சி மாறும்போது.
வெல்டிங்குக்கு இன்றைக்கே நானே கொண்டுபோகிறேன்.
சாவியிலிருந்து மாதா படத்தைக் கழற்றப் பார்த்தார்,
நகம் மடங்கியது. "கிடக்கட்டு" என்று தந்துவிட்டார்.

திங்கள்நகர் ரோட்டில் திரும்பினேன்.
கியர் முனகுகிறது, கதவு தாளம் போடுகிறது,
டென்னிசன் பைக்கில் பின்னால் வருகிறான்,
எதுவும் கழன்று விழுந்தால் பொறுக்க.
டேஷ்போர்டில் ஒரே ஒரு முள்தான்
ஒழுங்காக வேலை செய்கிறது:
டீசல் இல்லை என்கிறது.