பூஜ்யம் போடும் வேலை

மொபேனியில் விடிகாலை ஐந்து மணிக்கு
என் வேலை, ஒன்றுமில்லை என்று சொல்வது.
ஐம்பது டிகிரிக்குச் சூடாக்கிய எண்ணெய்
சின்னக் கண்ணாடிக் குவளையில், மூடியோடு.
திறந்து, மூக்கருகே பிடித்து,
ஒரு மிடறு நாவில் உருட்டித் துப்பி,
ஆப்பிள் துண்டைக் கடித்துக்கொண்டே
படிவத்தில் பூஜ்யம் போடுவேன்.
புல் நெடி, பூஜ்யம். அவரை நெடி, பூஜ்யம்.
பெயின்ட், மீன், ஈர அட்டை,
பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம்.

ஃப்ரீ ஸ்டேட்டிலிருந்து லாரியில் வந்தபோது
அதற்கு ஓர் ஊர் இருந்தது.
உமி, மண், மழையில் நனைந்த சாக்கு,
சூரியகாந்தி தலை கவிழ்ந்தபின் வரும் கசப்பு.
தவனேசன் அதைக் கோபுரத்தில் ஏற்றுவான்.
காற்றை உறிஞ்சியெடுத்த வெற்றிடம்.
இருநூற்று நாற்பது டிகிரி.
அடியிலிருந்து நீராவி குமிழிட்டு ஏறி
ஒவ்வொரு நெடியாகத் தோளில் தூக்கிப் போகும்.
வெளியே வரும்போது எண்ணெய்க்கு
யாரையும் தெரியாது.

எள்ளின் நெய்தானே எண்ணெய்?
இதில் எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை.
பெயரில் மட்டும் கொஞ்சம் மணம்
ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜூலையில் காய்ச்சல் வந்தது.
போகும்போது மூக்கையும் கூட்டிப் போனது.
காபியில் சூடு மட்டும்.
மீன் குழம்பில் உறைப்பு மட்டும்.
குளித்து வந்த மகளின் தலையில் ஈரம் மட்டும்.
யாரிடமும் சொல்லவில்லை.
வீட்டுக் கடனில் நாலு வருஷம் பாக்கி.
பதினோரு நாள் பூஜ்யம் போட்டேன்.
பதினோரு நாளும் அது சரியாகவே இருந்தது.
மூக்குள்ள நொக்வாண்டாவும் பூஜ்யம்தான் போட்டாள்.
வேலையில் இவ்வளவு துல்லியமாக
நான் இருந்ததே இல்லை.

பன்னிரண்டாம் இரவு ஒரு கேஸ்கெட் கிழிந்து
கோபுரத்துக்குள் காற்று புகுந்துவிட்டது.
குவளையைத் திறந்தவள் முகத்தைச் சுளித்தாள்.
நானோ எழுதி முடித்திருந்தேன்.
என் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
என் பேனாவையே வாங்கி
பூஜ்யத்தின் தலையில் ஒரு கோடு இழுத்து
ஆறாக்கினாள்.
“ஈர அட்டை” என்றாள் மெல்ல,
இருட்டில் வருபவரிடம்
படி இருக்கிறது என்று சொல்வதுபோல.

அன்றிலிருந்து அவளே முதலில் எழுதினாள்.
தாளை என் பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்தாள்.
தப்புதான். இருவருக்கும் தெரியும்.
ஃபீனிக்ஸிலோ உம்லாசியிலோ யாரோ
அந்த எண்ணெயில் மிளகாய் பஜ்ஜி பொரித்திருப்பார்கள்,
என்னை நம்பி.

கோபுரத்தின் பின்னால் ஒரு தொட்டி.
எண்ணெயிடமிருந்து பிடுங்கியதெல்லாம் அங்கேதான்,
பழுப்பாக, பாதி மெழுகாக.
அதற்கும் வாங்க ஆள் உண்டு,
வைட்டமின் எடுப்பார்களாம்.
இடைவேளைதோறும் அதன் மூடியருகே போய்
கைமாற்றுக் கேட்க வந்தவர்போல் நிற்பேன்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்.
முதலில் மூக்கின் அடியில் ஒரு கீறல்.
அப்புறம் புளிப்பு, பழைய சோப்பு,
வெயிலில் கிடந்த செருப்புத் தோல்,
அதன் பின்னால் காகித ஆலையின் அழுகல் முட்டைக்கோஸ்,
பெட்ரோல், பெட்ரோலுக்கும் அப்பால் கடல்.
தென் டர்பன் மொத்தமும்
வரிசை குலைந்து உள்ளே வந்தது.
குனிந்து வாந்தியெடுத்தேன்.
ஓடிவந்த நொக்வாண்டா “என்ன?” என்றாள்.
“நாற்றம்.”
வேறு மொழி அப்போது வாயில் வரவில்லை.

முன்னொரு காலத்தில்
அந்தச் சொல்லுக்கு நறுமணம் என்று பொருள்.
அதை அவளுக்கு எப்படிச் சொல்ல?
நாற்றம், நாற்றம் என்று
இரண்டு முறை நாவில் உருட்டிப் பார்த்தாள்.
துப்பவில்லை.

அலுவலகத்தில் புகார்த் தொலைபேசி
விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.
மெர்பாங்கில் யாரோ
ஜன்னலைச் சாத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள்.