சுங்கமாக வந்தது

பாலத்தைத் தூக்குவது என் வேலை.
படகு வந்தால் சாலையை மறித்து
நெம்புகோலை இழுப்பேன்.
வகுப்பில் சந்தேகம் கேட்கிறவன்போல்
பாலம் தயங்கித் தயங்கி எழும்.
கீழே கடப்பவர்களுக்குத்
தூண்டில் கழியில் கட்டிய மரச்செருப்பை நீட்டுவேன்.
இரண்டு யூரோவை அதில் போட்டுவிட்டுப் போவார்கள்.
ஃப்ரீஸ்லாந்தில் இதற்கு யாரும் சிரிப்பதில்லை,
வெளியூர்க்காரர்களைத் தவிர.

செப்டம்பர் கடைசியில்
கொம்மார் என்றொரு பெல்ஜியக்காரன்
மணல் படகோடு வந்தான்.
சில்லறை இல்லையென்று கையை விரித்தான்.
பைகளைத் துழாவி,
பெயர் சுரண்டப்பட்ட தகர டப்பா ஒன்றைச்
செருப்புக்குள் வைத்தான்.
பாதிக்கு மேல் புகையிலை.
கறுப்பு.
மழையில் கிடந்த கயிற்றைப் பிரித்துப் போட்டதுபோல்.

அதுவரை நான் புகைத்தது செர்ரி வாசம் போட்டது.
கேக் கடை வாசலில் நிற்பது மாதிரி இருக்கும்.
ஆசையாய் இதைச் சுங்கானில் அடைத்தேன்.
முதல் இழுப்பில்
படகின் அடிக்குப் பூசும் தாரை
நாக்கில் வைத்துக் காய்ச்சினார்கள்.
இரண்டாவதில்
ஈர விறகு, தொண்டைக்குள்.
அடுத்த முறைக்கு வந்த ஹில்ட்யே
கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள்.
"எதை எரித்தாய்?"
மரச்செருப்பு ஆணியில்தான் தொங்குகிறதா என்று
எட்டிப் பார்க்கவும் செய்தாள்.

ஃபியூஸ் கம்பிகளோடு டப்பா இழுப்பறைக்குள் போயிற்று.
மூடி சரியாகப் பொருந்தவில்லை.

நவம்பரில் மறுபடி முயன்றேன்,
கஞ்சத்தனம்தான்.
அவனுக்காக இரண்டு யூரோவைக்
கைக்காசிலிருந்து கணக்கில் வைத்தவன் நான்.
மூன்று நாள் நாக்கு வெந்து கிடந்தது,
சூப்பும் சுடுநீரும் ஒன்றாய் ருசித்தன.

ஜனவரி. ஐந்து மணிக்கே இருட்டு.
பனி உடைக்கும் படகுக்குத் தூக்கிய பாலம்
இறங்கும் வழியில் நின்றுவிட்டது.
பல்சக்கரத்தில் உறைபனி.
லேயுவார்டனிலிருந்து மெக்கானிக் வர
மூன்று மணி நேரம் என்றார்கள்.
இரு பக்கமும் கார்கள்.
திட்டுகிறவர்கள் திட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள்.
ஒரு பால் லாரி மட்டும்
விளக்கை அணைத்துவிட்டு நின்றது.
செர்ரி தீர்ந்திருந்தது.

இழுப்பறையில் அது காய்ந்து, தொட்டால் நொறுங்கியது.
அடைத்துப் பற்றவைத்தேன்,
அப்படியே மறந்தும் போனேன்.
தொலைபேசி. மறுபடி தொலைபேசி.
கண்ணாடிக்கு வெளியே பாதியில் நிற்கும் பாலம்.
அணையப் போகிறதே என்று நினைவு வரும்போது
ஒரு மிடறு.
பிறகு வெகுநேரம் கழித்து இன்னொன்று.

எந்த மிடறில் என்று சொல்ல முடியாது.
தார் இருந்த இடத்தில்
உலர்ந்த அத்திப்பழம் இருந்தது.
அதன் பின்னால் குதிரைச் சேணம்.
அதற்கும் பின்னால் ஏதோ ஓர் உப்பு.
அறைக்குள் யாரோ வந்ததுபோல் திரும்பிப் பார்த்தேன்.
இத்தனை நாளும் இதை
விரட்டி விரட்டி இழுத்திருக்கிறேன்.
விரட்டினால் எந்த நாய்தான் கடிக்காது?
மெக்கானிக் வந்தபோது
ஏன் தாமதம் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஹில்ட்யே இன்னும் கதவைத் திறந்துதான் வைக்கிறாள்,
ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.
ஒரு சிட்டிகையை உறையில் போட்டு
ஸ்னேக் நகரத்துக் கடையில் கொண்டுபோய்க் காட்டினேன்.
கடைக்காரர் முகர்ந்தார், கண்ணை மூடினார், மறுபடி முகர்ந்தார்.
"சைப்ரஸாக இருக்கலாம்" என்றார்.
"இல்லாமலும் இருக்கலாம்."

மே மாதம் கொம்மார் வந்தான்.
பாலம் எழுந்து முடிவதற்குள் கத்திக் கேட்டேன்,
அந்தப் புகையிலைக்கு என்ன பெயர்?
"அதுவா! யாரோ என் தலையில் கட்டியது.
வாயில் வைக்க முடியவில்லை,
அதனால்தான் உன் செருப்பில் போட்டேன்."
சிரித்தான்.
காற்று என் பக்கமிருந்து அவன் பக்கம் வீசியது.
சிரிப்பு நின்றது. மூக்கை உயர்த்தினான்.
"நீ புகைப்பது என்ன?
நன்றாயிருக்கிறதே."
செர்ரி, என்றேன்.
"அது மீதி இருக்கிறதா?"
அப்போதே தீர்ந்துவிட்டது, என்றேன்.

இன்னும் இரண்டு தடவைக்கு இருக்கிறது.

இம்முறை சில்லறை வைத்திருந்தான்,
பழைய பாக்கியையும் சேர்த்து
நான்கு யூரோ.
பாலத்தை வழக்கத்தைவிட
வேகமாக இறக்கினேன்.